இக்னிஷன் காயிலை வீட்டிலேயே மாற்றுவது: கோளாறைக் கண்டுபிடிப்பதிலிருந்து ஓட்டிப் பார்ப்பது வரை

இக்னிஷன் காயில் என்பது பேட்டரியின் குறைந்த வோல்டேஜை ஸ்பார்க் பிளக்கில் பொறி பறக்கும் அளவுக்கு உயர்த்திக் கொடுக்கும் பாகம். காயிலைக் கழற்றி மாட்டுவது என்று மட்டும் பார்த்தால் ஒரு கனெக்டர், ஒரு போல்ட், ஒரு இழுப்பு, அவ்வளவுதான். புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது அந்த இடத்தில் இல்லை. எது கெட்டது என்று உறுதி செய்யாமலே புதுக் காயில் வாங்கிவிடுகிறார்கள், பழையது ஏன் கெட்டது என்று பார்க்காமலே புதியதை மாட்டிவிடுகிறார்கள். காசும் நேரமும் போவது இந்த இரண்டில்தான். அதனால் கழற்றுவதற்கு முன்னால் என்ன பார்க்க வேண்டும், கழற்றிய பிறகு காயில் உட்கார்ந்திருந்த பிளக் குழிக்குள் என்ன பார்க்க வேண்டும் என்பதைத்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

இது ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் தலையிலும் தனித்தனியாக ஒரு காயில் இருக்கும் பெட்ரோல் இன்ஜினுக்கானது. இப்போது ஓடும் பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். ஒரே பெட்டியிலிருந்து தடித்த ஒயர்கள் பிளக்குகளுக்குப் போகும் பழைய வகை என்றால், கீழே 3-ல் சொல்லும் இடம் மாற்றும் சோதனை பொருந்தாது. டீசல் இன்ஜினில் இக்னிஷன் காயிலே கிடையாது.

1. அறிகுறிகளைப் பொறுமையாகக் கவனியுங்கள்

ஐடிலிங்கில் வண்டி குலுங்கும், மிதித்தால் பிக்கப் இருக்காது, மேட்டில் ஏறும்போது வெட்டி வெட்டி இழுக்கும், சைலன்சர் பக்கம் எரியாத பெட்ரோல் வாடை வரும், செக் இன்ஜின் விளக்கு எரியும். இதெல்லாம் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்பதற்கான அடையாளம். காயில்தான் காரணம் என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. பிளக், பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர், ஒயரிங், கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) என்று எதுவாகவும் இருக்கலாம்.

ஆனாலும் ஒரு துப்பு உண்டு. சாதாரணமாக ஓடும்போது நன்றாக இருந்து, இன்ஜினுக்கு லோடு (வேலைப்பளு) ஏறும்போது மட்டும் மிஸ்ஸிங், அதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் தவறுவது, வந்தால் காயில் அல்லது பிளக் மேல் சந்தேகப்படலாம், ஏனென்றால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக்கூட அதே இடைவெளியைத் தாண்டிப் பொறி பறக்க அதிக வோல்டேஜ் தேவைப்படும், பலவீனமான காயிலால் அதைக் கொடுக்க முடியாது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு மட்டும் வரும் மிஸ்ஸிங்கும் பல நேரம் காயிலில் போய்த்தான் முடியும்.

செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் நேராக, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும், அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் பீங்கான் அடுக்கு உருகிப்போகும். அதை மாற்ற ஆகும் செலவுக்கு முன்னால் காயிலின் விலை ஒன்றுமே இல்லை.

2. ஸ்கேனரை மாட்டி கோளாறுக் கோடை (code) படியுங்கள், எழுதி வையுங்கள்

காரின் கம்ப்யூட்டர் பதிவு செய்து வைத்திருக்கும் கோளாறு எண்ணைத்தான் இங்கே கோடு என்கிறேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (அந்த எண்ணைப் படிக்கும் இணைப்பு) ஸ்கேனரை மாட்டுங்கள். போனோடு இணையும் சாதாரண ஸ்கேனரே போதும்.

பி0301, பி0302, பி0303, பி0304 என்று வந்தால் கடைசி எண் சிலிண்டரைக் குறிக்கும்: பி0303 என்றால் மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். பி0300 வந்தால் எந்த ஒரு சிலிண்டர் என்று குறிப்பாகச் சொல்ல முடியாத மிஸ்ஃபயர், அதற்குக் காயிலை மட்டும் குறை சொல்லக் கூடாது. பி0351 முதல் தொடங்கும் வரிசை காயிலின் மின்சுற்றைப் பற்றியது, இதிலும் கடைசி எண்தான் எந்தக் காயில் என்று காட்டும். இந்தக் கோடைப் பார்த்ததும் "காயில் போச்சு" என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். சுற்று என்றால் அதில் ஒயரும் கனெக்டரும் சேர்த்தி. கனெக்டர் பின் பச்சை பூத்திருந்தாலும் இதே கோடு வரும்.

பேட்டரியைக் கழற்றும் முன்பே கோடுகளை எழுதி வைக்கச் சொல்வதற்குக் காரணம், நிறைய கார்களில் பேட்டரியை எடுத்ததும் சேமித்த கோடுகள் அழிந்துவிடும்.

அடுத்து, எந்தச் சிலிண்டர் மூன்றாவது என்று உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். நேர் வரிசை இன்ஜினில் பெல்ட் அல்லது டைமிங் செயின் இருக்கும் பக்கம்தான் பெரும்பாலும் ஒன்றாவது, ஆனால் சில ஐரோப்பிய கார்களில் கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். 'வி' வடிவ இன்ஜினில் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 1-3-4-2 என்று எழுதியிருப்பது எரியும் வரிசை, சிலிண்டர்கள் நிற்கும் வரிசை இல்லை. இதைக் குழப்பிக்கொண்டு நல்ல காயிலைக் கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

3. புதிது வாங்கும் முன் இடம் மாற்றிப் பாருங்கள்

இந்த வேலையிலேயே மிக முக்கியமான படி இதுதான், செலவும் கிடையாது. கோடு மூன்றாவது சிலிண்டரைக் காட்டினால், மூன்றின் காயிலை இரண்டில் போட்டு, இரண்டின் காயிலை மூன்றில் போடுங்கள். பிளக்கைத் தொடாதீர்கள், கனெக்டர் ஒயர்கள் அதனதன் இடத்திலேயே இருக்கட்டும், காயில் மட்டும்தான் இடம் மாற வேண்டும். கழற்றும் முறை 5 முதல் 8 வரை இருக்கிறது, முதலில் அதைப் படித்துவிட்டுக் கை வையுங்கள்.

பிறகு ஸ்கேனரில் கோடை அழித்துவிட்டு, முன்பு எந்த மாதிரி நேரத்தில் மிஸ்ஸிங் வந்ததோ அதே மாதிரி ஓடவிடுங்கள். கோடு இப்போது பி0302 என்று மாறி வந்தால் கோளாறு காயிலோடு நகர்ந்திருக்கிறது, காயில்தான் கெட்டது. மறுபடியும் பி0303 என்றே வந்தால் காயில் நல்லது. அப்போது அதே முறையில் பிளக்கை இடம் மாற்றிப் பாருங்கள், அதற்கும் நகரவில்லை என்றால் ஒயரிங், இன்ஜெக்டர் பக்கம் போங்கள். ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான். காயிலையும் பிளக்கையும் சேர்த்து நகர்த்திவிட்டால் எதனால் கோடு மாறியது என்றே தெரியாமல் போய்விடும்.

மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) பார்த்துச் சொல்லக்கூடாதா என்று கேட்பார்கள். இரண்டு பின் மட்டும் உள்ள காயிலில் உள்ளே வெறும் கம்பிச் சுற்றுதான், பிரைமரியை (பேட்டரி மின்சாரம் வரும் சுற்றை) அளக்கலாம், பொதுவாக ஒரு ஓமை ஒட்டி வரும். மூன்று அல்லது நான்கு பின் இருந்தால் உள்ளேயே எலெக்ட்ரானிக் சுவிட்ச் இருக்கிறது, அங்கே மீட்டர் காட்டும் எண்ணை நம்ப முடியாது. அதோடு, குளிர்ந்த காயில் மேசை மேல் சரியான ஓம் காட்டிவிட்டு, சூட்டிலும் லோடிலும் உள்ளுக்குள் கசிவது சகஜம். இடம் மாற்றும் சோதனை காயிலை அது வேலை செய்யும் சூழ்நிலையிலேயே சோதிக்கிறது என்பதால் மீட்டரைவிட அதைத்தான் நம்புவேன்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது காயிலைப் பிளக்கிலிருந்து உருவிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. காயிலிலிருந்து வருவது 20,000 முதல் 40,000 வோல்ட் வரை, சிலவற்றில் அதற்கு மேலும். போக வழியில்லாத அந்த மின்சாரம் உங்கள் கை வழியாகப் போகும், இல்லையென்றால் காயிலுக்குள்ளேயே இன்சுலேஷனைத் துளைத்துவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இன்ஜின் ஓடும்போது இக்னிஷன் பக்கமே போக வேண்டாம்.

4. வேலைக்கு உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

8 மி.மீ., 10 மி.மீ. சாக்கெட், ரேச்செட், நீளமான எக்ஸ்டென்ஷன், டார்க் ரெஞ்ச், மெல்லிய தட்டை ஸ்க்ரூடிரைவர், நீள மூக்குப் பிளையர், டார்ச், சுத்தமான துணி, டேப், பேனா. பிளக் கழற்ற உள்ளே ரப்பரோ காந்தமோ வைத்த பிளக் சாக்கெட் வேண்டும், 16 மி.மீ.தான் அதிகம் வரும், சில புதிய இன்ஜின்களில் 14 மி.மீ. குழிக்குள் ஊத காற்று வேண்டும், கம்ப்ரெஸர் இல்லாவிட்டால் கேனில் அடைத்த காற்று போதும். டைஎலெக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரத்தைக் கடத்தாத கிரீஸ்) ஒரு சின்ன டியூப். சாதாரண கிரீஸை அதற்குப் பதிலாக வைக்காதீர்கள், பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும்.

காயில் வாங்கும்போது பழைய காயிலின் மேல் அச்சடித்திருக்கும் பார்ட் நம்பரை வைத்துப் பொருத்திப் பாருங்கள், கார் மாடலைச் சொல்லி மட்டும் வாங்காதீர்கள். ஒரே மாடலில் இன்ஜின் மாறினால் காயிலும் மாறும், வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பெயரே இல்லாத மலிவான காயில்களை நான் தவிர்க்கச் சொல்வேன். சீக்கிரம் சாவது ஒரு பக்கம், ஆரம்பத்திலிருந்தே பலவீனமாக இருந்து உங்களை வேறு எங்கெங்கோ தேடவைப்பதுதான் அதில் பெரிய தொல்லை.

ஒன்றை மட்டும் மாற்றுவதா, எல்லாவற்றையுமா? வண்டி அதிகம் ஓடவில்லை, முதல் முறையாக ஒன்று போயிருக்கிறது என்றால் ஒன்று போதும். நிறைய ஓடிய வண்டியில் குறுகிய இடைவெளியில் இரண்டாவதும் போனால் மீதியும் அதே வயது, அதே சூட்டில் கிடந்தவை, மொத்தமாக மாற்றிவிட்டு நல்ல நிலையில் உள்ள பழையதில் ஒன்றை டிக்கியில் வைத்துக்கொள்ளலாம்.

5. இன்ஜின் முழுதாக ஆறட்டும், பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள்

இளஞ்சூடு போதாது, வெறும் கையை வைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். கை சுடும் என்பது ஒரு காரணம்தான். சிலிண்டர் ஹெட் அலுமினியம், சூடாக இருக்கும்போது பிளக்கைத் திருகினால் மரை சேர்ந்தே பெயர்ந்து வரலாம். சூட்டில் காயிலின் ரப்பரும் இளகி, இழுத்தால் கிழியும்.

இக்னிஷனை ஆஃப் செய்து, சாவியை எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஸ்டீரியோவுக்கு கோடு கேட்கும் கார் என்றால் அந்த எண் கையில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

6. மேலே மறைப்பதை எடுங்கள்

இன்ஜினின் மேல் பிளாஸ்டிக் மூடி பெரும்பாலும் ரப்பர் குமிழில் அழுந்தி நிற்கும், மூலைகளில் பிடித்து நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். சிலவற்றில் போல்ட் இருக்கும். ஏர் ஃபில்டர் குழாயை எடுக்க வேண்டியிருந்தால் திறந்த வாயைத் துணியால் மூடுங்கள், அதற்குள் போல்ட் விழுந்தால் நேராக இன்ஜினுக்குள் போகும்.

குறுக்காக வைத்த வி6 இன்ஜினில் பின் வரிசைக் காயில்கள் பெரும்பாலும் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் (இன்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) கீழே மறைந்திருக்கும். அதைக் கழற்றினால் புது கேஸ்கெட் வேண்டும், வேலையும் பல மடங்கு. முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

7. கனெக்டர்: அவசரப்பட்டால் உடைவது இதுதான்

ஒன்றுக்கு மேல் கழற்றுவதாக இருந்தால் ஒவ்வொரு கனெக்டரிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். பக்கத்துக் கனெக்டரை மாற்றி மாட்டினால் தப்பான நேரத்தில் பொறி வந்து இன்ஜின் வெடித்து வெடித்து ஓடும்.

சிவப்பு, சாம்பல் அல்லது மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன பூட்டுத் துண்டு இருந்தால் முதலில் அதைப் பின்னால் தள்ளுங்கள். அப்புறம்தான் அமுக்கும் நாக்கு வேலை செய்யும். நாக்கை அமுக்கியபடி கனெக்டரின் உடலைப் பிடித்து இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்கவே கூடாது. வரவில்லை என்றால் காயில் பக்கமாக லேசாக உள்ளே தள்ளி, நாக்கை அமுக்கி, பிறகு இழுங்கள், உள்ளே தள்ளும்போது கொக்கியின் இறுக்கம் விடும். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்த பிளாஸ்டிக் மொறுமொறுப்பாகிவிடும், ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் நாக்கு ஒடிந்துவிடும். நாக்கு ஒடிந்த கனெக்டர் அதிர்வில் தளர்ந்து, புதுக் காயில் போட்ட பிறகும் மிஸ்ஸிங்கைக் கொண்டுவரும்.

8. போல்டை எடுத்து, காயிலைத் திருப்பி உருவுங்கள்

சுற்றிலும் உள்ள மண், இலைத் துகள்களை முதலில் ஊதிவிடுங்கள். காயில் வெளியே வந்ததும் அந்தக் குப்பை குழிக்குள் விழ வாய்ப்பு இருக்கிறது.

போல்டைக் கழற்றிய பிறகு காயிலை நேராக இழுக்காதீர்கள். காயிலின் கீழ்முனையில் பிளக்கை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) பிளக்கின் பீங்கானோடு ஒட்டியிருக்கும். காயிலின் தலையைப் பிடித்து இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள், ஒட்டு விட்டதும் மேலே இழுங்கள். வெளியே வந்ததும் பூட் முழுதாக வந்ததா, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங் குழிக்குள்ளேயே நின்றுவிடுவது உண்டு, அதைக் கவனிக்காமல் புதியதை இறக்கினால் உட்காராது. பாதி பூட் கிழிந்து தங்கிவிட்டால் நீள மூக்குப் பிளையரால் எடுக்கலாம்.

9. குழியையும் பிளக்கையும் பாருங்கள்: காயில் செத்த காரணம் இங்கேதான் இருக்கும்

பெரும்பாலானவர்கள் தாவிவிடும் படி இது. அதே சிலிண்டரில் மறுபடி மறுபடி காயில் போகிறது என்று வருபவர்களிடம் கேட்டால், பிளக்கை யாரும் எடுத்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

டார்ச் அடித்துக் குழிக்குள் பாருங்கள். எண்ணெய் தேங்கியிருந்தால் பிளக் குழாயின் சீல் அல்லது வால்வ் கவர் கேஸ்கெட் கசிகிறது. எண்ணெயில் ஊறிய பூட் உப்பி, மென்மையாகி, மின்சாரத்தைப் பக்கவாட்டில் விட்டுவிடும். கசிவைச் சரிசெய்யாமல் காயில் போட்டால் புதியதும் அதே கதிதான். தண்ணீரோ துருவோ தெரிந்தால் இன்ஜினைத் தண்ணீர் அடித்துக் கழுவியதாலோ, மேலே இருந்து மழைநீர் இறங்குவதாலோ இருக்கலாம். எதுவாக இருந்தாலும் பிளக்கைத் திருகும் முன் துணியைச் சுற்றி விட்டு ஒற்றி எடுத்து, காற்றால் ஊதுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் சிலிண்டருக்குள் போகும். ஊதும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது பிளக்கைக் கழற்றுங்கள். வெள்ளைப் பீங்கானின் மேல் பென்சிலால் கீறியது போல மெல்லிய கருப்புக் கோடு மேலிருந்து கீழே ஓடுகிறதா? பொறி உள்ளே பறக்காமல் வெளிப்பக்கமாக இறங்கி உலோகத்துக்குப் போய்க்கொண்டிருந்ததன் தடம் அது. துடைத்தால் போகாது, போனாலும் வழி பதிந்துவிட்டது. பூட்டின் உள்பக்கமும் இதே கோடு இருக்கும். அப்படி இருந்தால் பிளக், பூட் இரண்டையும் மாற்ற வேண்டும், ஒன்றை விட்டால் அது மற்றொன்றைக் கெடுக்கும். பீங்கான் உலோகத்தோடு சேரும் இடத்தில் பழுப்பு நிற வளையம் மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம், உயர் மின்னழுத்தத்தால் எண்ணெய்த் துகள்கள் ஒட்டி வரும் கறை அது, கோளாறு இல்லை.

அடுத்து இடைவெளி. பிளக் தேயத் தேய முனைகளுக்கு நடுவில் தூரம் கூடும், தூரம் கூடினால் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும், ஒவ்வொரு முறையும் காயில் அந்த வோல்டேஜுக்கு ஏறியாக வேண்டும், கடைசியில் காயிலின் இன்சுலேஷன் விட்டுவிடும். காயில் சாவதற்கு நான் அதிகம் பார்க்கும் காரணம் இதுதான். மேனுவலில் சொன்ன அளவோடு ஒப்பிடுங்கள், பொதுவாக 0.7 முதல் 1.1 மி.மீ.க்குள் இருக்கும். இரிடியம் பிளக்கின் மெல்லிய முனையில் இடைவெளி அளக்கும் கேஜை வைத்து நெம்பாதீர்கள், ஒடிந்துவிடும். தேய்ந்திருந்தால் எல்லா சிலிண்டருக்கும் சேர்த்தே பிளக் மாற்றுங்கள்.

திரும்பப் போடும்போது ரேச்செட் இல்லாமல் எக்ஸ்டென்ஷனை விரலால் மட்டும் திருகித் தொடங்குங்கள். முதல் சுற்றிலேயே இறுக்கமாக இருந்தால் மரை கோணலாகப் பிடிக்கிறது, பின்னால் சுற்றி எடுத்து மறுபடி தொடங்குங்கள். ஹெட்டின் மரை போனால் இந்தச் சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில், மேனுவல் சொல்லும் அளவுக்கு. டார்க் ரெஞ்ச் இல்லை என்றால் வாஷர் உள்ள புதுப் பிளக்கை விரலால் உட்காரும் வரை திருகி, அதற்கு மேல் அரை முதல் மூன்றில் இரண்டு பங்கு சுற்று. வாஷர் இல்லாத கூம்பு வடிவப் பிளக்குக்குப் பதினாறில் ஒரு பங்கு சுற்றுதான். மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள், வழுக்கலில் ரெஞ்ச் காட்டுவதைவிட அதிகமாக இறுகிவிடும்.

10. புதுக் காயிலை இறக்குங்கள்

காயிலின் ரப்பர் பூட்டின் வாயின் உள்விளிம்பில் டைஎலெக்ட்ரிக் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். ஈரம் உள்ளே போகாது, அடுத்த முறை ஒட்டாமல் வரும். அது மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் ஸ்பிரிங்கிலும் கனெக்டர் பின்னிலும் அப்ப வேண்டாம்.

காயிலை நேராக இறக்கி, பிளக்கின் தலை பூட்டுக்குள் போய் உட்காரும் வரை உள்ளங்கையால் அழுத்துங்கள். போல்ட் ஓட்டை தானாக நேராக வர வேண்டும். முழுதாக உட்காராமல் மேலே நிற்கும் காயிலை போல்டை இறுக்கி இறுக்கிக் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள். காயிலில் போல்ட் போகும் காது உடையும், இல்லையென்றால் மரை வழுக்கும். போல்டைக் கையால் தொடங்கி, கடைசியில் மெதுவாக இறுக்குங்கள், பெரும்பாலான கார்களில் 8 முதல் 10 நியூட்டன் மீட்டர்தான், அதாவது மணிக்கட்டு பலம் மட்டும். கனெக்டரை 'க்ளிக்' சத்தம் வரும் வரை தள்ளி, பூட்டுத் துண்டை முன்னால் தள்ளி, லேசாக இழுத்துப் பாருங்கள்.

11. ஸ்டார்ட் செய்து, கோடை அழித்து, ஓட்டிப் பாருங்கள்

மூடியைப் போடும் முன் பேட்டரியை இணைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குழியில் எண்ணெய் இருந்திருந்தால் கொஞ்ச நேரம் புகை வரும். பேட்டரியை எடுத்ததால் ஐடிலிங் சிறிது நேரம் முன்பின்னாக இருக்கலாம், கம்ப்யூட்டர் மறுபடி கற்றுக்கொள்ளும். அதற்கும் மிஸ்ஸிங்குக்கும் வித்தியாசம் காதிலேயே தெரியும்: மிஸ்ஸிங் ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப வரும்.

கோடு பாக்கி இருந்தால் அழித்துவிட்டு, இன்ஜின் சூடாகும் வரை ஓட்டி, ஒரு மேட்டிலும் ஏற்றிப் பாருங்கள். வீட்டு வாசலில் ஐடிலிங்கில் நிறுத்திப் பார்த்துவிட்டு முடித்துக்கொள்வது போதாது, லோடில்தான் காயிலின் பலம் தெரியும். திரும்பி வந்து ஸ்கேனரில் பெண்டிங் (இன்னும் உறுதியாகாத) கோடுகளையும் பாருங்கள், விளக்கு எரிவதற்கு முன்பே அங்கே தெரிந்துவிடும். புகைப் பரிசோதனைக்குப் போக வேண்டியிருந்தால் சில நாள் சாதாரணமாக ஓட்டிவிட்டுப் போங்கள், கோடை அழித்ததும் காரின் சுயசோதனைகளும் முதலிலிருந்து தொடங்கியிருக்கும்.

12. இன்னும் மிஸ்ஸிங் இருக்கிறதா?

முதலில் கனெக்டரும் காயிலும் முழுதாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள், பாதிக்குப் பாதி அங்கேயே முடிந்துவிடும். அது சரியாக இருந்தால் அந்தக் கனெக்டரில் இக்னிஷன் ஆனில் 12 வோல்ட்டும் நல்ல எர்த்தும் வருகிறதா என்று மீட்டரில் பாருங்கள், எந்தப் பின்னில் எது என்று மேனுவலின் ஒயரிங் படம் சொல்லும். ஓயாமல் அதே சிலிண்டர் கோடு வந்தால் இன்ஜெக்டர், அதற்குப் பிறகு கம்ப்ரெஷன். கம்ப்ரெஷனில் ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைவாகக் காட்டினால் வால்வோ ரிங்கோ போயிருக்கிறது, அந்த வண்டியை அத்தோடு மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.